மாமா போட்ட ரோட்டைப் பெயர்த்த அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களில் பலர், அக்கா உயிரோடு இருந்தபோது எங்கள் வாசற்படி மிதிக்காதவர்கள். முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கிறீர்கள். படித்துவிட்டே போங்கள்.

அக்கா நாட்றம்பள்ளியில் பிறந்தார். அப்பா ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை பார்த்தவர். நான் ஆறாவது படிக்கும்போது தவறிவிட்டார். பாலிடெக்னிக்கில் சிவில் முடித்திருந்த அக்கா, ஒரு நகராட்சியில் பணி ஆய்வாளராகச் சேர்ந்து என்னைப் படிக்க வைத்தார். தனக்கு வந்த வரன்களைத் தட்டிக் கழித்தார். என்னை அம்மாவின் தம்பி மகனுக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்திருந்தோம்.

அந்த ஐப்பசியில் புயலடித்து, அக்காவின் பொறுப்பிலிருந்த ஒரு தெரு பாதிக்கு உள்வாங்கியது. அடியில் சாக்கடைக் குழாய் உடைந்திருந்தது. அவசர வேலையைக் கான்ட்ராக்ட் எடுத்தவர், அம்மாவின் தம்பியான அந்த மாமாதான். அக்கா வேறு இடத்தில் விழுந்த மரங்களை அகற்றிக்கொண்டிருந்த ஒரு பகலில், பள்ளத்தில் மண்ணைக் கொட்டித் தார் போட்டு முடித்துவிட்டார். நான்கே நாளில் குடிதண்ணீரில் சாக்கடை கலந்து நாறியது. பிள்ளைகளுக்கு வாந்தி, பேதி. ரோட்டைப் பெயர்க்கும்படி அக்கா எழுதிக் கொடுத்தார்.

மாமா வீட்டுக்கே வந்தார். "இன்னா, சொந்த மாமன்னுகூட பாக்க மாட்டியா? ரோட்ட பேத்தா உன் தங்கச்சிக்கு வேற எடம் பாத்துக்க" என்றார். தம்பிக்காக அம்மாவும் கெஞ்சினார். அக்கா குரலை உயர்த்தவில்லை. "அந்தத் தண்ணியத்தான் மாமா அங்க கொழந்தைங்க குடிக்குது" என்றார்.

மறுநாள் தோண்டினார்கள். உடைந்த குழாயின் வாயில் சாக்கு மூட்டையைத் திணித்து மூடியிருந்தார்கள். புதுக் குழாய் இறங்கும்வரை அக்கா அந்தச் சேற்றிலேயே நின்றார்.

என் கல்யாணம் நின்றது. அக்கா வேறு கான்ட்ராக்டரிடம் கை நீட்டியதாக மாமா ஊரெல்லாம் சொன்னார். நீங்களும் நம்பினீர்கள். நான் அதைவிட மோசம். "உனக்குதான் ஆகல, எனக்கும் ஆகக்கூடாதா?" என்று அக்காவிடம் கேட்டேன். எட்டு மாதம் நான் அவர் முகம் பார்த்துப் பேசவில்லை. அவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த அன்றுதான் பேசினேன். மன்னிப்புக் கேட்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தம் கொடுத்த நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்களுக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த அந்தத் தெருப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. உறவினர் எவருக்கும் நன்றி சொல்ல இங்கே ஒன்றுமில்லை.

இந்த மலருக்கு முழுப் பக்கக் கண்ணீர் அஞ்சலி விளம்பரம் தருவதாக மாமா ஆள் அனுப்பினார். அம்மாதான் பதில் சொன்னார்: "எந்தம்பி பேரு எம்பொண்ணு படத்துக்குப் பக்கத்துல வரக்கூடாது."