பஞ்சு விடாத வித்துகள்

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் 'பூஜ்யம் அக்கா' என்று பெயர். கட்டில் கம்பிகளைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து, அதில் பேதிக் கிருமியின் வித்துகள் முளைக்கின்றனவா என்று பார்ப்பது வேலை. பதினோரு வருஷமாக அவள் எழுதியதெல்லாம் பூஜ்யம்தான். அதற்குப் பாராட்டுப் பத்திரம் வேறு, கண்றாவி.

போன மாதம், நுனியில் பஞ்சுக்குப் பதில் நுரை ரப்பர் வைத்த குச்சிகள் சில மாதிரிக்கு வந்தன. ஓர் எஃகுத் தகட்டில் வித்துகளைத் தடவி, ஒரு பாதியைப் பஞ்சாலும் மறு பாதியை நுரையாலும் துடைத்துப் பார்த்தாள். நுரையில் எடுத்தவை நூற்றுக்கணக்கில் முளைத்தன. பஞ்சில் எடுத்தவை மூன்றே மூன்று. மிச்சத்தைப் பஞ்சு தன் இழைக்குள்ளேயே வைத்துக்கொண்டு விடவில்லை.

போன வருஷம் கால் முறிந்து வந்த சொந்த அக்காவை, "ஏழாம் கட்டில்ல படுத்துக்கோக்கா, நானே பார்த்து எழுதினது" என்று படுக்கவைத்தவள் அவள்தான். பத்தே நாளில் பேதி அக்காவைக் கொண்டுபோய்விட்டது.

மேலதிகாரியிடம் ஓடினாள். அவர் நிமிரக்கூட இல்லை. "பஞ்சு இன்னும் நாலு பெட்டி இருக்கும்மா. அது தீரட்டும்."

மறுநாள் காலை ஏழாம் கட்டிலில் பஞ்சோடு குனிந்தாள்.

"சுத்தமாத்தானே இருக்குக்கா?" என்றாள், அதில் படுத்திருந்த பெண்.