அவர் பெயரில் இரண்டு ஃபோல்டர்கள்

ஏற்காட்டில் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் யாருக்கும் இசைக் குறிப்பு படிக்கத் தெரியாது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த என் கணவர்தான் ஒவ்வொருவர் பாட வேண்டிய பகுதியையும் தானே பாடி, வீட்டுக் கம்ப்யூட்டரில் பதிந்து கொடுப்பார். போன ஏப்ரலில் அவர் இறந்த பிறகு அவற்றைக் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள், கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. மறுபடி போட்டபோது திரையில் இருந்ததெல்லாம் போய், புதுக் கம்ப்யூட்டர் போல வெறுமையாக இருந்தது. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடித்த கையோடு கம்ப்யூட்டரையும் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். உள்ளே அவர் பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் இருந்தன. ஒன்றில் அன்றைய தேதி இருந்தது; இப்போது ஓடுவது அதுதான் என்று எடுத்துக்கொண்டேன். மற்றதைத் திறக்க அனுமதி இல்லை என்றது. வீண் நகல் என்று நினைத்தேன். ஆனால் அழிக்க மட்டும் விட்டது. நிரந்தரமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்கத்தான் செய்தது. சரி என்று அழுத்தினேன்.

மறுநாள் குழுவிலிருந்து ஸ்டெல்லா வந்தாள். "அக்கா, அண்ணன் பாடி வெச்ச பாட்டெல்லாம் வேணுங்க."

எங்கு தேடியும் இல்லை. பழுது பார்ப்பவரை அழைத்தேன்.

"கரண்ட் போனதுல கம்ப்யூட்டரு பழைய ஃபோல்டரத் தொறக்க முடியாம, அதே பேர்ல புதுசா ஒண்ணு போட்டுக்கிச்சுங்க. நீங்க அழிச்சதுதானுங்க பழசு" என்றார். அவராலும் மீட்க முடியவில்லை.

இப்போதெல்லாம் திறந்து பார்க்காமல் நான் எதையும் அழிப்பதில்லை. அவர் குரலில் என் போனில் மிச்சம் இருப்பது ஒரு வாய்ஸ் மெசேஜ்தான்: "பிராக்டீஸ் முடிய நேரமாகுமாட்ட இருக்குது, நீ சாப்புட்டுரு." அதை மூன்று இடங்களில் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.