ரெஜினாவுக்கு எடுத்த இரண்டு ஸ்கேன்

ரெஜினாவின் அயோடின் ஸ்கேன் ஃபிலிமை வியூ பாக்ஸில் மாட்டிப் பார்த்தபோது கழுத்தில் ஒன்றுமே இல்லை. எல்லோருக்கும் தெரிகிற எச்சில் சுரப்பி, வயிறு, மூத்திரப்பை, அவ்வளவுதான். சாதாரணமாக இப்படி ஒரு படம் வந்தால் சந்தோஷப்படுவோம். ஆனால் பம்பாய் லேபிலிருந்து வந்த ரத்த ரிப்போர்ட்டில், தைராய்டு செல் மட்டுமே சுரக்கும் தைரோகுளோபுலின் ஏறிக் கிடந்தது. தைராய்டை முழுசாக எடுத்துவிட்ட உடம்பில் அது ஏறினால், புற்றுநோய் எங்கேயோ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

தொண்ணூறுகளின் நடுவில் திருநெல்வேலியில் ஒரு ஸ்கேன் சென்டரில் காமா கேமரா டெக்னீஷியனாக இருந்தேன். ரெஜினாவுக்குப் புன்னக்காயல். கணவர் சூசை கடலுக்குப் போகிறவர். முந்தைய வருடப் படத்தில் ரெஜினாவின் கழுத்தில் மிச்சமிருந்த புற்றுநோய் இரண்டு புள்ளிகளாகத் தெரிந்தது. சென்னைக்குப் போய், அதை எரிக்கப் பெரிய டோஸ் கதிரியக்க அயோடின் குடித்துவிட்டு வந்தார். அது வேலை செய்ததா என்று பார்க்கத்தான் இந்த ஸ்கேன்.

இதற்காக நோயாளி படும் பாடு கொஞ்சமில்லை. தைராய்டு மாத்திரையை வாரக்கணக்கில் நிறுத்த வேண்டும், அப்போதுதான் மிச்சமிருக்கும் தைராய்டு செல் தூண்டப்பட்டு அயோடினை இழுக்கும். முகம் வீங்கும், பேச்சு இழுக்கும், நம் ஊர் வெயிலிலும் குளிரும். கூடவே பத்தியம் வேறு. மீன், கருவாடு, அயோடின் உப்பு எதுவும் ஆகாது. உடம்பில் ஏற்கெனவே அயோடின் நிறைந்திருந்தால் ஸ்கேனுக்கு நாங்கள் கொடுக்கும் கதிரியக்க அயோடின் கட்டியில் ஏறாது. படம் காலியாக வரும்.

எங்கள் டாக்டரம்மாவுக்கு அந்தச் சந்தேகம் வந்துவிட்டது.

"மறைக்காமச் சொல்லும்மா. கருவாடு கிருவாடு தொட்டுக்கிட்டியா?"

"தொடல டாக்டரம்மா" என்றார் ரெஜினா. மேலே பேசத் தெம்பில்லை, கண் மட்டும் நிறைந்தது. டாக்டரம்மா கோபப்படவில்லை. இன்னும் ஒரு மாதம் இதேபோல் பத்தியமிருந்து திரும்ப எடுத்துப் பார்ப்போம் என்று பைய எடுத்துச் சொன்னார். மாத்திரை இல்லாத ஒவ்வொரு வாரமும் கட்டிக்குத் தீனி போடுவது மாதிரி என்பது டாக்டரம்மாவுக்கும் எனக்கும் தெரியும்.

வாசலோரம் நின்ற சூசை அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"அவ மட்டுமில்லம்மா, வீட்ல ஒருத்தரும் திங்கல. வலையில வந்த மீன அங்கனயே வித்துட்டு வெறுங்கையோட வருவேன். பக்கத்து வீட்ல கொழம்பு கொதிக்க வாசம் வந்தா பிள்ளைகளக் கூட்டிட்டுக் கோயில் பக்கம் போயிருவேன். இவ பாக்கத் திங்க எங்களுக்கு மனசு வரல."

டாக்டரம்மா பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டச் சொன்னார். பிறகு என்னிடம், மீன் காரணமில்லை என்றால் கட்டி அயோடினை வாங்குவதையே விட்டுவிட்டது என்றார். இருதய ஸ்கேனுக்கு வைத்திருக்கும் மிபி மருந்து இருக்கிறதா என்று கேட்டார். மிபிக்கு அயோடின் தேவையில்லை. சுறுசுறுப்பாக வேலை செய்யும் செல்லுக்குள் அது தானாகப் போய் உட்காரும். தைராய்டு கேஸுக்கு நாங்கள் அதுவரை அதைப் போட்டதில்லை.

முதல் ஸ்கேனுக்குக் கொடுத்த அயோடின் உடம்பிலிருந்து வடியட்டும் என்று சில நாள் விட்டு, கதிரியக்கப் பொருளைக் கறந்தெடுக்கும் புது ஜெனரேட்டர் வந்ததும் மருந்தைக் கலந்து ஊசி போட்டோம். ரெஜினா நடுங்கிக்கொண்டே படுத்திருந்தார். சூசை அவர் பாதத்தைப் போர்வையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். வெளியே இருக்கச் சொல்லியும் கேட்கவில்லை. திரையில் புள்ளி புள்ளியாகச் சேர்ந்து, வலது காறையெலும்புக்கு மேலே ஒரு கொத்து தெரிந்தது. நுரையீரல் சுத்தமாக இருந்தது. எனக்கு நிம்மதியும் பாரமும் ஒன்றாக வந்தன.

இனி அயோடின் வைத்தியம் பலன் தராது, ஆனால் இடம் தெரிந்துவிட்டதால் ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டரம்மா விளக்கினார். மாத்திரையை அன்றே தொடங்கச் சொன்னார்.

ரெஜினா கேட்டது வேறு. "நான் திங்கலங்கது படத்துல தெரியுதா?"

"அத எந்தப் படமும் சொல்லாதும்மா. உன் வீட்டுக்காரர் சொன்னப்பவே நான் நம்பிட்டேன்."

ரெஜினா சூசையைத் திரும்பிப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபரேஷனில் அந்தக் கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள். தைரோகுளோபுலின் நன்றாக இறங்கியது, அடியோடு போகவில்லை. நான் அங்கே இருந்தவரை ரெஜினா வருடந்தோறும் செக்கப்புக்கு வந்து போனார். நடையிலும் பேச்சிலும் பழைய வேகம் திரும்பியிருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். படம் காலியாக வந்தால், மருந்து அங்கே போகவில்லை என்பது மட்டும்தான் நிச்சயம். ஏன் போகவில்லை என்பதைப் படுத்திருப்பவரிடம் கேட்க வேண்டும். கேட்டால், அவர் சொல்வதை நம்பவும் தயாராக இருக்க வேண்டும்.