வோட்கா இல்லாத ஜாடி

ஜாஸிராவுக்குக் கை சும்மா இருக்காது. அல்மாட்டிக்குக் கால்நடை மருத்துவம் படிக்க வந்த நாள் முதலே விடுதியில் அவள் குறும்புக்குத் தப்பியவர் இல்லை. அவள் தீப்பிடித்துவிட்டது என்று கத்தினால் மற்றவர்கள் புரண்டு படுப்பார்கள்.

தோழி குல்னாஸின் பிறந்தநாளுக்குப் பானம் கலக்கும் வேலையை அவளிடம் விட்டார்கள். பூனையிடம் பாலை ஒப்படைத்த கதைதான். பெர்ரிச் சாறு, எலுமிச்சை, காரமான மிளகாய் எல்லாம் போட்டாள். வோட்காவை மட்டும் கட்டிலுக்கடியில் ஒளித்துவிட்டாள்.

விருந்தை நடத்தியவன் அவள் வகுப்புத் தோழன் மெய்ராம். ஒவ்வொருவராக வாழ்த்துச் சொல்ல, ஒவ்வொரு வாழ்த்துக்கும் குடிக்க வேண்டும். நடத்துபவன் எல்லாவற்றுக்கும் குடிக்க வேண்டும். எவ்வளவு குடித்தாலும் தள்ளாடாதவன் என்று விடுதிக்கே அவனைப் பற்றிப் பெருமை. அவனை யாரும் குடிகாரன் என்று சொன்னதில்லை, திறமைசாலி என்றுதான் சொல்வார்கள்.

ஜாடி பாதி காலியாவதற்குள் ஒருவன் பழைய காதலியை நினைத்து அழுதான். குல்னாஸ் அலமாரியைக் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டாள். ஜாஸிரா தொடையைக் கிள்ளிக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

மெய்ராம் மட்டும் முதல் மிடறிலேயே அவளைப் பார்த்தான். பிறகு அடுத்த கிண்ணத்தைக் குடித்தான், அதற்கடுத்ததையும். அவன் சொல்ல வந்த வாழ்த்து பாதியில் நின்றது. கிண்ணம் பல்லில் பட்டுக் கடகடத்தது. எழுந்து வெளியே போனான். கேலி செய்யலாம் என்று ஜாஸிரா பின்னாலேயே போனாள். படிக்கட்டில் முழங்கால்களுக்கு நடுவே கைகளை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஜாடியில ஒண்ணும் இல்லதானே?"

"இல்லடா."

"தினம் காலையிலயே குடிச்சிருவேன், இல்லன்னா இந்த நடுக்கம் வந்துரும். இன்னிக்கி விருந்து இருக்கேன்னு பொறுத்துக்கிட்டேன்."

உள்ளே குடிக்காதவர்கள் எல்லாம் தள்ளாடிக்கொண்டிருந்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, பயம் வந்தது. ஓடிப்போய் உதவி கேட்டால் கைதட்டினார்கள். மெய்ராமையும் தன் குறும்பில் கூட்டுச் சேர்த்துவிட்டாளாம்! செய்த குறும்பெல்லாம் சேர்ந்து அன்றைக்குப் பார்த்து அவள் வாயைக் கட்டிப்போட்டது.

சரி, மாணவர்களுக்கான கல்லூரி மருத்துவமனைக்குத் தானே கூட்டிப்போவது என்று முடிவு செய்தாள். வீட்டுக்குச் சொல்லிவிடுவார்களா, படிப்பு போய்விடுமா என்று அவன் வழியெல்லாம் கேட்டான். தெரியாது, உள்ளே போய்க் கேட்போம் என்றாள். நீயே நிறுத்திக்கொள் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை; அந்த நடுக்கத்தைப் பார்த்தவள் அவள்.

டாக்டரம்மாவின் கதவருகே அவன் நின்றான்.

"உள்ள போனதும் நான் அவங்கள சிரிக்க வெச்சிருவேன். என்னாலயே அத அடக்க முடியாது. அப்புறம் நல்ல பையன்னு தட்டிக்குடுத்து அனுப்பிருவாங்க. நீ மட்டும் சிரிச்சிராதடி."

சொன்னபடியே செய்தான். என்ன உடம்புக்கு என்று கேட்டதுமே, போதை தெளியாத குதிரைக்கு ஊசி போடப் போன கதையை எடுத்துவிட்டான். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். நர்ஸ் சுவரில் சாய்ந்து சிரித்தாள். உண்மையிலேயே நல்ல கதை.

ஜாஸிரா உதட்டைக் கடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள். வாழ்நாளில் அவள் பட்ட பாடுகளில் இதுதான் பெரிது. அவனும் அவள் சிரிப்புக்காகக் காத்திருந்தான். அது வரவில்லை.

அவன் பேச்சு தேய்ந்தது. கால்சட்டைப் பைகளிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மேசைமேல் வைத்தான். அவை நடுங்குவதை மறைக்கவில்லை.

டாக்டரம்மா சிரிப்பை நிறுத்தி, நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.