லெக் கார்டைக் கழற்றியது யார்

எதிரணியின் கடைசி வாதத்தை முதலில் உடைக்க வேண்டும் என்பது எனக்கு அளிக்கப்பட்ட மேடைப் பயிற்சி. அதை ஒரு மெக்கானிக்கின் மீது நான் பயன்படுத்திய காலைப்பொழுதை இன்றும் முழுதாக நினைத்துப் பார்க்க முடிவதில்லை. பாதியிலேயே மனம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

வண்டி அப்பாவுடைய பைக், என்னைவிட மூத்தது. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டரான அவர், நல்லூரிலிருந்து தினமும் அதில்தான் வேலைக்குப் போவார். விடுமுறை நாட்களில் அவிநாசி, பல்லடம் என்று பேச்சுப் போட்டிகளுக்கு நான் எடுத்துப் போவேன். சென்ற ஆண்டு, ஐம்பதைத் தாண்டினாலே வண்டி நடுங்கத் தொடங்கியது. கைப்பிடியில் பிறந்து முழங்கை வரை ஏறும் நடுக்கம். கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்து அரை மணி நேரம் ஆகியும் விரல்கள் மரத்தே கிடப்பதாகவும், துணி வெட்டும் மெஷினைப் பிடிக்கப் பயமாக இருப்பதாகவும் அப்பா சொன்னார்.

இரண்டு வாரங்களுக்கு முன்புதான் எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் பாய் அதற்கு ஆயிலும் செயினும் மாற்றிக் கொடுத்திருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர்; அதிகம் பேசாதவர். குற்றவாளி யாரென்று போகும் வழியிலேயே நான் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

பட்டறையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர் அதே தெருவில் தையல் யூனிட் நடத்தும் காண்ட்ராக்டர்; தம் வண்டியின் இன்ஜினை முழுதாகப் பிரித்து வேலை பார்க்கக் கொண்டுவந்திருந்தார். ஆட்களைக் கண்டதும் என் குரல் தானாகவே மேடைக் குரலானது. நன்றாக ஓடிய வண்டி இவர் கைபட்ட பிறகே நடுங்குகிறது, இதற்கு மேலும் சான்று வேண்டுமா என்று கேட்டேன். ஓர் உழைப்பாளியின் விரல்கள் மரத்துப்போவதற்கு யார் பொறுப்பு என்று நான் முடித்தபோது ஒருவர் தலையாட்டினார். பாய், பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். காண்ட்ராக்டர் ஏதோ அவசர வேலையைக் காரணம் காட்டி, தம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியேறினார். அதை என் வெற்றியாக எண்ணிக்கொண்டேன்.

பாய் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரை முறுக்கினார். சக்கரம் சுற்றாமலேயே நடுக்கம் வந்தது. செயினும் இல்லை, வீலும் இல்லை என்று தமக்குள் முணுமுணுத்தார். ஃபிரேமில் ஒரு விரலும், இன்ஜினைத் தாங்கும் பிராக்கெட்டில் ஒரு விரலும் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றாக ஆடவில்லை. ஸ்பேனர் போட்டார். போல்ட் இறுக்கமாகவே இருந்தது. அதையும் நான் விடவில்லை. எல்லாம் இறுக்கமாகத்தானே இருக்கிறது என்றேன். அவர் டார்ச் அடித்து, குறடால் போல்ட்டின் ஓரத்திலிருந்து எதையோ மெல்ல இழுத்தார். எண்ணெயில் ஊறித் தட்டையாகிப்போன கடுகு மஞ்சள் ரிப் பனியன் துணி.

எங்கள் ஊரில் ஆடும் மேசைக்கும் ஒழுகும் குழாய்க்கும் சத்தமிடும் கதவுக்கும் மருந்து ஒன்றே: பனியன் வேஸ்ட், கம்பெனிகளில் வெட்டியது போக மிஞ்சும் துணித் துண்டு. விழுந்தால் காலைக் காக்கும் லெக் கார்டு கம்பி வண்டியைக் கிழடாகக் காட்டுகிறது என்று மூன்று மாதங்களுக்கு முன் நான்தான் அதைக் கழற்றினேன். இன்ஜினைத் தாங்கும் அதே போல்ட்டில்தான் அதுவும் மாட்டப்பட்டிருந்தது. லெக் கார்டின் இரும்புப் பட்டை போனதும், நட்டு மரையின் கடைசி வரை போய் இறுகி நின்றதே தவிர, பிராக்கெட்டை நெருக்கிப் பிடிக்கவில்லை. மிச்ச இடைவெளியில் அப்பா கொண்டுவந்திருந்த வேஸ்ட் துணியைச் சுற்றித் திணித்தேன். சூட்டில் அது நசுங்க நசுங்க, இன்ஜின் ஆடத் தொடங்கியிருக்கிறது.

"லெக் கார்டு யாருங்க கழட்டுனது?" என்று கேட்டார் பாய்.

"தெரியலீங்க பாய்," என்றேன்.

துணியின் நிறத்தைப் பார்த்த கணத்திலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டிருந்தது. அவருக்கும் தெரிந்தது. நின்றவர்களிடம், பழைய வண்டி என்றால் இப்படி ஏதாவது வரத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டு, இரும்புக் குழாயில் ஒரு துண்டு அறுத்து இடைவெளியில் வைத்து நட்டை முடுக்கினார். நடுக்கம் நின்றது. பாய் கைராசிக்காரர் என்று அன்று மாலை அப்பா மகிழ்ந்து சொன்னார். நான் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்கு நாள் கழித்து, பட்டறையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். கழற்றியது நான்தான், மன்னித்துவிடுங்கள் என்று தாழ்ந்த குரலில் சொன்னேன். அவர் கார்புரேட்டரைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"அன்னைக்கு நாலு பேருக்குக் கேக்கறாப்புல பேசுனீங்க. மன்னிப்பு மட்டும் ஏனுங்க தம்பி காதுக்குள்ள?" என்றார். பிறகு, "அந்தக் காண்ட்ராக்டர்கிட்டயாச்சும் சொல்லீருங்க. அவரு வண்டி இன்னும் திரும்பி வரலீங்க," என்றார்.

தையல் யூனிட்டில் டீ நேரம். வாசலில் டம்ளரோடு நின்ற காண்ட்ராக்டரிடம் சொன்னேன். காதில் விழவில்லை என்றார். மறுபடி உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது: தவறு என்னுடையது, பாய் மேல் ஒரு குற்றமும் இல்லை. டெய்லர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அட, வேற கடையில உட்டு இன்ஜினப் பிரிச்சாச்சுங்களே," என்றார் அவர். "பத்து வருசமா பாய்கிட்டத்தான் உட்டுட்டிருந்தேன். அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்க தம்பி."

திரும்பும் வழியில் பட்டறையைக் கடக்க வேண்டியிருந்தது. பாய் நிமிர்ந்து பார்த்தார். அந்த வண்டி இனி வராது என்று தலையசைத்தேன். அவர் மறுபடி குனிந்துகொண்டார்.