பனியில் வைத்த எலுமிச்சம்பழம்

இங்கே குளிர்காலத்தில் காருக்குக் கரண்ட் கொடுக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் காரைச் சொல்லவில்லை, பெட்ரோல் கார்தான். என்ஜின் உறைந்துபோகாமல் இருக்க, முன்பக்கம் தொங்கும் ஒயரை வீட்டுச் சுவரிலுள்ள பிளக்கில் சொருகிவிட்டுத்தான் படுக்கப் போக வேண்டும். கூடலூரில் மாட்டைக் கட்டிவிட்டுப் படுப்பதைப் போல, கனடாவின் இந்தச் சின்ன ஊரில் ஆளாளுக்குக் காரைக் கட்டிவிட்டுப் படுக்கிறோம். எங்கள் வீட்டில் அது என் வீட்டுக்காரர் செல்வத்தின் வேலை. இலை உதிரும் காலத்தில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. முதல் பனி விழுந்த மாலையில் அந்த ஒயரை நான் கையில் எடுத்தேன். எந்தத் துளையில் சொருகுவது என்றுகூடத் தெரியவில்லை. வாசலில் நின்று அழுதுவிட்டு, தட்டுத் தடுமாறி ஒருவழியாகச் சொருகினேன்.

அது சாதாரணக் காராக இருந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். நீல நிறத்தில், தரையோடு ஒட்டினாற்போல ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் ஆல் வீல் டிரைவ். கியரைக் கையால் மாற்ற வேண்டும். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே அது மறந்து போச்சு. முன்னால் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். பின்னால் எங்கள் மகள் கயல் முழங்காலை மடக்கித்தான் உட்கார வேண்டும். “உக்காந்தா எந்திரிக்க முடியாத இந்தக் காரு யாருக்குங்க?” என்று வாங்கிய அன்றைக்கே சண்டை போட்டேன். அவர் சிரித்தார். “கூடலூர்ல ஜீப் ஓட்டுனப்ப எப்பவாச்சும் நம்ம ரெண்டு பேரு மட்டும் போயிருக்கமா புள்ள? ஊரையே ஏத்திக்கிட்டுத்தான போனோம். இந்தக் காருல ஒருத்தரும் ஏற முடியாது பாரு” என்றார்.

உண்மைதான். அவர் கூடலூரிலிருந்து குமுளி மலையேறி ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் ஜீப் டிரைவராக இருந்தவர். உத்தமபாளையத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் நானும் அந்த ஜீப்பில் போயிருக்கிறேன். டிரைவர் பொண்டாட்டி என்று முன்சீட்டில் எனக்கு அரை இடம். பின்னால் தூக்குச்சட்டியும் சாக்குமாக, மூச்சுவிட இடமில்லாமல் பெண்கள். வளைவுக்கு வளைவு ஹாரன் அடிப்பார். மேலிருந்து இறங்கும் வண்டியும் பதிலுக்கு அடிக்கும். இறங்கும்போது பின்னாலிருக்கும் பெண்களுக்குக் கேட்கும்படி சத்தமாக, “ஏறுன கியர்லயே எறங்கணும் ஆத்தா. பிரேக்க நம்புனவன் பள்ளத்துல கெடப்பான்” என்பார். இது அவர் தினமும் சொல்வது. யாரும் காதில் வாங்க மாட்டோம். அவர்களுக்குத் தோட்டத்துக் கங்காணியைப் பற்றிய கதை, எனக்கு ஜன்னல் காற்று.

கோடையில் லைசென்ஸ் எடுத்தேன். வெயிலில் அந்தக் காரை ஓட்டவும் பழகினேன். பனியில் மட்டும் ஓட்டத் தெரியாது. “மொதப் பனி விழட்டும், சொல்லித் தாரேன்” என்றிருந்தார். அவருடைய அஸ்தியை ஊருக்குக் கொண்டுபோய்ச் சுருளித் தீர்த்தத்தில் கரைத்துவிட்டு, கயலின் பள்ளிக்கூடத்துக்காகத் திரும்பி வந்த பிறகுதான் பனி விழுந்தது. நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்கு பஸ் கிடையாது. அவர் போன பிறகு என்னைக் கூட்டிப்போன தோழியும் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டாள். ஓட்டத் தெரிந்தால் வேலை உண்டு, இந்த நாட்டில் இருப்பும் உண்டு. தெரியாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். மாமியார் போனில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். “அவென் இல்லாத ஊர்ல ஒனக்கு என்ன ஆத்தா வேல? பிள்ளையக் கூட்டிக்கிட்டு இங்கன வந்துரு.” கயலோ அந்தப் பேச்சை எடுத்தாலே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவளிடம் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். கார் நகராமல் போகட்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டுதான் முதல் பனிக்கு மறுநாள் காலை சாவியை எடுத்தேன். நகராவிட்டால் ஊருக்குப் போக எனக்கொரு காரணம் கிடைத்துவிடும்.

ஆனாலும் செய்ய வேண்டியதைச் செய்யாமல் எடுக்க மனம் வரவில்லை. டிரைவர் செத்து, வெகுநாள் சும்மா நின்ற வண்டி அது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, நசுக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். முந்தின வாரமே பழம் வாங்கி வாசல் அறையில் வைத்திருந்தேன். எடுத்தால் நாலும் கூழாங்கல்லாக உறைந்திருந்தன. அதையும் பெரிதாக நினைக்காமல் குனிந்து குனிந்து வைத்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் கென் பனி தள்ளுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

“வழுக்காமல் இருக்கவா? என்னிடம் மணல் இருக்கிறது, தரட்டுமா?” என்றார் ஆங்கிலத்தில்.

“இல்லை. இது என் கணவருக்காக.”

அவர் குல்லாவைக் கழற்றினார். “அவருக்கு எலுமிச்சை பிடிக்குமா?”

எங்கே ஆரம்பித்து எப்படி விளக்குவது? “ஆமாம், ரொம்பப் பிடிக்கும்” என்றேன். அவர் கண் கலங்கிப் போய், கேட்காமலேயே ஒரு வாளி மணலைக் கொண்டுவந்து சக்கரத்துக்கு முன்னால் கொட்டினார்.

கார் ஒரே இழுப்பில் கிளம்பியது. பழம் நசுங்கும் ‘பச்சக்’ சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன், கேட்கவில்லை. இறங்கிப் பார்த்தால் நாலும் உடையாமல் பனிக்குள் அமுங்கிக் கிடந்தன. நசுங்காவிட்டால் நல்ல சகுனமில்லை. திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். ஜன்னலில் கயல் நின்றிருந்தாள். ஏறிப் போய்விட்டேன்.

சமதளத்தில் அந்தக் கார் பனியையே மதிக்கவில்லை. எனக்கும் கொஞ்சம் திமிர் வந்துவிட்டது. ஆற்றுப் பாலத்துக்கு இறங்கும் சரிவில்தான் புத்தி வந்தது. கீழே சிக்னல் சிவப்பு. பிரேக்கை மிதித்தேன், காலடியில் கடகடவென்று அதிர்ந்ததே தவிர, கார் நிற்கவில்லை. இழுக்க நாலு சக்கரம் இருந்தும் நிறுத்த ஒன்றுகூட இல்லை. அப்போது ஜீப் சத்தத்தோடு அவர் குரல் கேட்டது, பின்சீட்டுப் பெண்களுக்குச் சொன்ன அதே குரல். பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். கியரை ஒவ்வொன்றாகக் குறைத்தேன். மறு கை தன்னால் ஹாரனுக்குப் போனது. கார் உறுமி, தயங்கி, சிக்னல் கோட்டைக் கொஞ்சம் தாண்டி நின்றது. இங்கே ஹாரன் அடிப்பது வசவுக்குச் சமம். பக்கத்துக் காரிலிருந்தவள் கையை விரித்து ஏதோ திட்டினாள். நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். பிழைத்ததற்காக அழவில்லை. சொல்லித் தருகிறேன் என்ற மனுஷன் என்றைக்கோ சொல்லித் தந்துவிட்டார். இனி ஊருக்குப் போக எனக்குக் காரணம் இல்லை.

அன்று சாயங்காலம் மாமியார் கூப்பிட்டார்.

“வண்டிய எடுத்தியாத்தா?”

“எடுத்தேன் அத்தை.”

“எலுமிச்சம்பழம் வச்சியா?”

“வச்சேன்.”

“நல்லா நசுங்குச்சா?”

“நசுங்குச்சு அத்தை.”

“அப்ப நீ வரமாட்ட” என்றார். அதற்குப் பிறகு வரச்சொல்லி அவர் கேட்கவேயில்லை.

பனி உருகத் தொடங்கியபோது கயல்தான் முதலில் பார்த்தாள். பிளக்குக்குக் கீழே, அழுக்குப் பனிக்கு நடுவில், மஞ்சள் மாறாமல் ஒரு பழம். அழுகவும் இல்லை, காயவும் இல்லை. தூக்கிப்போட மனம் வராமல் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். வளைவுக்கு வளைவு அது இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருண்டுகொண்டே வந்தது. நானும் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தேன். மலையில் என்றால் எதிரே வரும் ஜீப் பதில் கொடுத்திருக்கும். இங்கே நான் அடித்ததுதான் எனக்குக் கேட்டது.