குணா வீட்டுச் சுவரில் பாதிக் கம்ப்யூட்டர்

போன வாரம் சிரம்பான் சைபர் கஃபேயில் வேறெதையோ தேடப்போய்த்தான் அந்தப் படம் கண்ணில் பட்டது. பீரோ உயரத்துக்கு ஒரு பழைய மினி கம்ப்யூட்டர். அதன் தோளில் கை போட்டுக்கொண்டு ஒரு வெள்ளைக்காரர், மாப்பிள்ளைத் தோழன் மாதிரிச் சிரிக்கிறார். இந்த மாடலில் பெரும்பாலானவற்றை உருக்கிவிட்டார்களாம். சுவிட்ச் பலகையும் பெட்டியும் சேர்ந்து கிடைத்தால் சேகரிப்பாளர்கள் கேட்ட விலை கொடுப்பார்களாம். படித்ததுமே குணாவை நினைத்து எனக்கு வயிறு எரியத் தொடங்கியது.

அப்படி ஒரு பலகை குணா வீட்டில் இருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில், பள்ளி முடித்த கையோடு இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். லாபு பக்கத்து ரப்பர் தோட்டங்களின் சம்பளக் கணக்கெல்லாம் சிரம்பானில் எங்கள் ஆபீசுக்கு வரும். அதைப் போடத்தான் அந்த யந்திரம். கணக்குப் பாடத்தில் என் மார்க்தான் அதிகம். (இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பாருங்கள்.) மேனேஜரோ குணாவை ஆப்பரேட்டர் ஆக்கினார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவனுக்கு ஏர்கோன். இந்தப் பக்கம் தாள் அடுக்கிய எனக்குக் காற்றாடி, அதுவும் குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலான பெரிய கிராணியின் தலைக்கு மேல்.

புதுத் தாள் மணம் எங்கே வந்தாலும் எனக்கு அந்தக் கண்ணாடிதான் ஞாபகம் வரும். உள்ளே குணா சுவிட்சுகளைத் தட்டத் தட்ட, சிவப்பு விளக்குகள் ஓடும். குளிருக்கென்று ஸ்வெட்டர் ஒன்று வாங்கினான். அதை ரூமிலேயே கழற்றி வைத்தால் என்ன? வேகிற வெயிலில், லாபு பஸ்ஸிலும் அதோடுதான் நிற்பான். "என்னா தம்பி, காய்ச்சலா?" என்று பால்மரம் வெட்டும் அக்கா யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர் ரூம் லா, அக்கா" என்பான் அடக்கமாக. அந்த அடக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியாது.

தொண்ணூறுகளில் மேசைமேல் வைக்கும் கம்ப்யூட்டர்கள் வந்து, பெரியதைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். குணா மட்டும் பலகையைக் கேட்டு வாங்கிப் போனான். குப்பை சுமக்கிறான் என்று நான் சிரித்தேன்.

படம் பார்த்த மறுநாளே லாபுவில் அவன் வீட்டுக்குப் போய்விட்டேன். ஹாலில் சாமி படங்களுக்குப் பக்கத்தில், தூசி படாமல் தொங்கியது பலகை. சும்மாதானே கிடக்கிறது, தாயேன் என்றேன்.

"ஆசயப் பாரு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னே பழகுனவன், அங்கேயே நில்லுடா."

விலையெல்லாம் அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பெட்டி இல்லாத பலகைக்கு மதிப்பில்லை என்பதும் தெரியும். அந்தப் பெட்டியைப் பகாவ் டவுனில் ஒரு பழைய இரும்புக்கடைத் தவுக்கே, அந்தக் கடைச் சீன முதலாளி, உடைக்காமல் மோட்டார் சாமான் போட்டு வைத்திருக்கிறாராம். பெருமையில் வாயை விட்டுவிட்டான்.

"ஞாயித்துக்கெழம மச்சான் லோரி வருது. ஏத்திட்டு வந்துருவேன் லா."

திரும்பும் வழியில் பஸ் ஜன்னலில் பார்த்தேன். நாங்கள் சம்பளம் போட்ட தோட்டங்களில் பாதி வீடமைப்பாகிவிட்டது. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இருந்த இடத்தில் விளம்பரப் பலகைகள். எங்கள் ஆபீஸ் மாடியில் இப்போது டியூஷன் நடக்கிறது. அத்தனை பேர் உழைப்பைக் கூட்டிக் கழித்த யந்திரத்தில் மிஞ்சியவை அந்தப் பலகையும் பெட்டியும்தான். இரண்டும் ஒன்றுசேர வேண்டும் என்பதில் குணாவுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடே இல்லை. யார் வீட்டில் என்பதில்தான்.

வெள்ளிக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். பெட்டியை பஸ்ஸில் ஏற்ற முடியாதுதான். ஆனால் தவுக்கேயிடம் முன்பணத்தைக் கொடுத்து, அதன்மேல் சாக்பீசால் என் பெயரைப் பெரிதாக எழுதிவிட்டு வரலாம்.